ஆண்டறிக்கை: நெட்வொர்க் நிர்வாகிகள் சங்கம்

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. கேபிள் பயிற்சி வகுப்பும் புதிய உறுப்பினர் அறிமுகமும் வழக்கம்போல் நடந்தன.

சிறு நிறுவனங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய ரிமோட் ஆக்சஸ் விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலைக்குள் பாதுகாப்பாக இணையும் வழி) மாதிரி ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பைச் சென்ற பொதுக்குழு என்னிடம் தந்தது. இதற்கு ஓராண்டா என்று சிலர் கேட்டதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அதற்கான ஓப்பன்விபிஎன் மென்பொருளைச் சர்வரில் நிறுவ அரை நாள் போதும். காலத்தை எடுத்துக்கொண்டவை முகவரித் திட்டமும் சோதனையும்தான்.

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0.0/24 அல்லது 192.168.1.0/24 வரிசையில் முகவரி தருகின்றன. அலுவலகத்திலும் அதே வரிசை இருந்தால், விபிஎன் இணைந்துவிட்டதாகக் காட்டும். ஃபைல் சர்வருக்குப் போகவேண்டிய பாக்கெட்டோ (தரவுத் துண்டோ) வீட்டு வலையைத் தாண்டாது. எனவே மாதிரியில் அலுவலகத்துக்கு 10.87.0.0/16, அதற்குள் விபிஎன் பயனர்களுக்கு 10.87.40.0/24 என்று ஒதுக்கியிருக்கிறோம். விபிஎன் சர்வரே அலுவலகத்தின் டீஃபால்ட் கேட்வேயாக (வெளியே செல்லும் பொதுவழியாக) இல்லாவிட்டால், 10.87.40.0/24-க்குத் திரும்பும் வழியை ரவுட்டரில் எழுதியே ஆக வேண்டும். இல்லையேல் பாக்கெட் போகும், பதில் வராது. பயனர் முகவரிகளை விபிஎன் சர்வரின் முகவரிக்குள் மறைக்கும் மாஸ்கரேட் போட்டும் சரிக்கட்டலாம்தான். ஆனால் உள்ளே வந்தவர் எவரென்று சர்வர் லாகில் தெரியாமல் போய்விடும் என்பதால் அதைத் தவிர்த்தோம்.

பிங் போகிறது, லாகின் பக்கம் திறக்கிறது, பெரிய ஃபைல் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூவைப் பாருங்கள். பாக்கெட் பெரிது என்று தெரிவிக்கும் ஐசிஎம்பி செய்தியை வழியில் யாரோ தடுத்திருப்பார்கள். விபிஎன் டனலுக்கு எம்டியூ 1400 பைட், ஒரு டிசிபி பாக்கெட்டில் ஏறும் தரவின் உச்ச அளவான எம்எஸ்எஸ் 1360 என்று வைத்திருக்கிறோம். துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் டனலுக்குள் 1372 பைட் பிங் அனுப்பிச் சரிபார்க்கலாம். தலைப்புகளின் 28 பைட்டும் சேர்ந்தால் 1400.

லாகினுக்கு ஒருமுறை மட்டும் செல்லும் குறியீட்டைச் சேர்த்ததும் எல்லோரும் சரியாக ஒரு மணி நேரத்தில் துண்டிக்கப்பட்டார்கள். 3600 விநாடிக்கு ஒருமுறை மறையாக்கச் சாவி மாற்றும்போது பழைய குறியீடே மறுபடி போகிறது, அதற்குள் அது காலாவதி. சர்வரில், முதல் லாகினுக்குப் பின் தற்காலிக டோக்கன் தரும் ஆத்-ஜென்-டோக்கன் வரியைச் சேர்த்தபின் சரியானது.

ஓப்பன்விபிஎன் வழக்கமாகப் பயன்படுத்தும் யூடிபி 1194 போர்ட் தடுக்கப்பட்ட வலைகளுக்காக டிசிபி 443-ஐ மாற்றுவழியாக மட்டும் திறந்திருக்கிறோம். டிசிபிக்குள் டிசிபி ஓடினால் ஒரு பாக்கெட் தவறும்போது இரண்டு அடுக்கும் திரும்ப அனுப்ப முற்பட்டு வேகம் படுத்துவிடும். 443-ஐத் திறக்கும் தேவை தெரிந்ததே கடைசி மாதத்தில். விடுதி வைஃபை, மொபைல் டேட்டா, வீட்டு இணைப்பு மூன்றிலும் சோதித்துத் தாருங்கள் என்று மூன்று சுற்றறிக்கை அனுப்பினோம். பதில் தந்தவர்கள் ஐவர். பெயர் கொடுத்துவிட்டு வராதவர்கள் அதைவிட அதிகம். வருத்தத்தோடுதான் இதைப் பதிவுசெய்கிறேன்.

சந்தாவும் அப்படியே. நினைவூட்டியும் செலுத்தாதவர்கள் பட்டியலைப் பொருளாளர் வைத்திருக்கிறார், இங்கே வாசிக்கவில்லை. வரவு செலவைப் பொறுத்தவரை, நன்கொடைகள் கைகொடுத்ததால் கடனில்லாமல் ஆண்டை முடித்திருக்கிறோம். விவரம் அவரது அறிக்கையில் உண்டு.

கூட்ட இடம் தந்தவர்களுக்கும், பழைய சர்வரைச் சோதனைக்குக் கொடுத்த உறுப்பினருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சோதனை சர்வர் தொடர்ந்து ஓட வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் விபிஎன் நுழைவுச் சான்றிதழை ரத்துசெய்தால் அது ரத்துப் பட்டியலில் ஏறும். சான்றிதழ் உருவாக்கும் ஈஸி-ஆர்எஸ்ஏ மென்பொருள் தரும் அந்தப் பட்டியலுக்கு, மாற்றி அமைக்காவிட்டால், 180 நாள்தான் ஆயுள். புதுப்பிக்க மறந்தால், போனவர் மட்டுமல்ல, இருப்பவர் ஒருவர்கூட இணைய முடியாது. புதுப்பிக்கத் தேவையான சிஏ (சான்றிதழ் வழங்கும் மையம்) தனிச்சாவி, வலையில் சேராத ஒரு மடிக்கணினியில் இருக்கிறது. அதன் கடவுச்சொல் இப்போது என் ஒருவனிடம் மட்டுமே இருக்கிறது. எந்த நிறுவனத்திலும் இப்படி வைக்காதீர்கள் என்றுதான் மாதிரியிலேயே எழுதியிருக்கிறோம். இன்னும் இருவர் முன்வந்தால் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். இப்போதுள்ள பட்டியல் காலாவதியாக இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அதற்குள் பெயர் தந்தால் புதுப்பிக்கும் முறையை உடனிருந்து காட்டித் தருகிறேன்.

செயலாளர்