சிறை ஊழிய ஐக்கியம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

கிறிஸ்துவுக்குள் அன்பான தலைவர் ஐயா அவர்களுக்கும் ஐக்கியத்தின் உறுப்பினர்கள் யாவருக்கும் ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால் மத்திய சிறையில் மாதத்தின் 2-ஆம் சனிக்கிழமைக் கூடுகை நடந்துவந்தது. கிறிஸ்துமஸ், உயிர்த்தெழுந்த பண்டிகை ஆராதனைகள் வழக்கம்போல் நடந்தன. பெண்கள் சிறைக்குச் சகோதரிகள் 4 முறை போய் வந்தார்கள்.

ஆகஸ்டு மாதக் கூடுகை மட்டும் நடக்கவில்லை. அனுமதிப் பட்டியலில் 12 பேர். காலை 9 மணிக்குச் சிறைவாசலுக்கு வந்தவர்கள் 2 பேர். ஆதார் நகலும் புகைப்படமும் முன்கூட்டியே கொடுத்து, பெயர் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். ஒருவருக்குப் பதில் இன்னொருவரைக் கூட்டிப் போக வழியில்லை. வராதவருடைய பெயர் பட்டியலில் இருக்கும்வரை, வர ஆசைப்படுகிறவருக்கு அங்கே இடமும் இல்லை. மனுப் போட்டுச் சந்திக்க ஆளே வராத சிறைவாசிகள் உள்ளே இருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமைக்காக முந்தின நாளே சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு வைக்கிறவர்கள் அவர்கள். அன்று அவர்களுக்கு நாம் என்ன பதில் சொன்னோம்?

நற்கருணைக்குத் திராட்சை ரசம் ஆயத்தம் செய்கிறவர்கள் கவனிக்க. மது வகை எதுவும் வாசலைத் தாண்டாது. கறுப்புத் திராட்சையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாறுதான் கொண்டுபோக வேண்டும், அதுவும் அன்று விடியற்காலையில் செய்ததாக. முதல் நாள் செய்து வெளியே வைத்தால் நம் ஊர் வெயிலுக்குப் புளித்து நுரை கட்டிவிடும். மூடியைத் திறந்ததும் வாடை காட்டிக்கொடுக்கும். ஒருமுறை அப்படி ஆகி, அப்பம் மட்டும் உள்ளே போனது.

இந்த ஆண்டு ஜிப் உறை போட்ட வேதாகமங்களை நிறுத்திவிட்டு, பெரிய எழுத்து, மெல்லிய அட்டைப் பிரதிகளையே கொடுத்தோம். அப்படியும் பலர் திறக்காமல் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு மனமில்லை என்று நாம் நினைத்தது தவறு. 40 வயதுக்கு மேல் கிட்டத்து எழுத்து தெரியவில்லை, அவ்வளவுதான். வாசிப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம்: 45 வயதுவரை +1, 50 வரை +1.5, 55 வரை +2, அதற்கு மேல் +2.5 என்று உத்தேசமாக எடுத்துப்போய், புத்தகத்தை ஒன்றேகால் அடி தூரத்தில் பிடிக்கச் சொல்லிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பிரேம், பிளாஸ்டிக் லென்ஸ் மட்டுமே. எந்தக் கண்ணாடிக்கும் எழுத்து தெளியாவிட்டால் புரையாக இருக்கலாம். சிறை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "வீட்டுக்கு ஒரு போன் பண்ணி நான் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லுங்கண்ணே" என்று ஒருவர் நம்பரைச் சொல்வார். மனம் இளகும். ஆனாலும் சீட்டையோ செய்தியையோ நாம் சுமக்கக் கூடாது. அந்த எண் வழக்கின் சாட்சியுடையதாக இருக்கலாம். தெரிந்தால் ஐக்கியம் முழுவதற்கும் அனுமதி போய்விடும். அவரை அப்போதே சிறை நல அலுவலரிடம் மனு எழுதித் தரச் செய்யுங்கள். அதேபோல், வழக்கு என்ன என்று அவராகச் சொல்லாதவரை கேட்காதீர்கள்.

செயற்குழுவில் சிலர் "இது நம் வேலையா?" என்று கேட்ட காரியத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களின் பட்டியலை நாம் மாதாமாதம் எடுத்தோம். 2 ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் ரத்த சொந்தம் என்று உத்தரவில் இருக்கும், சொந்தமோ கைவிட்டிருக்கும். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னபடி, ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே போகாதவரைப் பற்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறையிலிருந்து தகவல் போக வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். விசாரணைக் கைதிகளுக்கு இன்னொரு வாசலும் உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவின்படி, முன்பு தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் 3-ல் 1 பங்கு உள்ளே இருந்துவிட்டால் பிணையில் விட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. நாம் செய்ததெல்லாம் தேதியைக் கணக்கிட்டு, பெயர் விவரத்தைச் சட்ட உதவி வழக்கறிஞரிடம் ஒப்படைத்ததுதான். சிறையிலிருந்த பவுலைத் தேடிப்போன ஒநேசிப்போரு, அவருடைய விலங்கைக் குறித்து வெட்கப்படவில்லை என்று வேதம் சொல்கிறது. நமக்கும் இந்தத் தாள் வேலை வெட்கமான வேலை அல்ல.

விடுதலை நாளில் வாசலில் ஆள் நிற்பதும் இதைச் சேர்ந்ததே. உத்தரவு பெரும்பாலும் சாயங்காலம்தான் வந்து சேருகிறது. வெளியே வரும்போது ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். அவருடைய போன் வழக்குச் சொத்தாகப் போலீஸில் இருக்கும். ஒரு எண்ணும் மனப்பாடமாக இருக்காது. ஒரு துணிப்பையில் கைலி, சட்டை, செருப்பு, சில்லறையாகப் பஸ் காசு, நம் 2 பேரின் எண்கள் எழுதிய அட்டை. அன்று இரவு பழைய கூட்டாளி கூப்பிடுவதற்கு முன்னால் நாம் கூப்பிட வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். காணிக்கை வந்த அளவுக்குச் செலவும் ஆனது, கையிருப்பு சொற்பம். மாதச் சந்தா 50 ரூபாய். பாதிப்பேருக்கு மேல் பாக்கி. ஒருவருடைய ஓராண்டுப் பாக்கியில் 4 பேருக்கு வாசிப்புக் கண்ணாடி வாங்கலாம்.

சிறை அதிகாரிகளுக்கும், நல அலுவலருக்கும், வேன் கொடுத்து உதவிய சகோதரருக்கும், சபையாருக்கும் ஐக்கியத்தின் நன்றி.

அமெரிக்காவில் அதிபர் நிக்சனின் ஆலோசகராக இருந்த சார்ல்ஸ் கால்சன் 1974-ல் சிறை சென்றபோது, அவருடைய ஜெப ஐக்கியத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஆல் குயீ மீதித் தண்டனையைத் தானே அனுபவிக்க முன்வந்தார். வெளியே வந்த கால்சன் 1976-ல் சிறை ஐக்கிய ஊழியத்தைத் தொடங்கினார். அவ்வளவு பெரிய காரியத்தை நம்மில் யாரிடமும் யாரும் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு காலைப்பொழுது போதும். வருகிற ஆண்டுக்கான அனுமதிப் பட்டியல் இந்த மாதக் கடைசியில் போகிறது. வர முடியாதவர்கள் மனத்தாங்கல் இல்லாமல் பெயரை எடுத்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் ஆதார் நகல் ஒன்றும் புகைப்படம் இரண்டும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் தாருங்கள். சாயங்கால வேளையில் வாசலுக்கு வரக்கூடிய 4 பேர் தனியாக வேண்டும். இப்போது இருப்பது ஒருவர்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
செயலாளர்