வாதாபி கொண்டவன் யார் என்று கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்று வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

“‘வாதாபி கொண்டான்’ என அழைக்கப்பட்ட பல்லவ மன்னன் யார்?” ஒரு மதிப்பெண். கீழே அ, ஆ, இ, ஈ. காஞ்சிபுரத்தில் 31 வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை நானே எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. வினாத்தாள் நாளைக் காலை அச்சுக்குப் போக வேண்டும், ஒரு மதிப்பெண் கேள்வி இன்னும் ரெண்டு குறைகிறது என்றால் பேனா தானாக நரசிம்மவர்மனிடம்தான் போய் நிற்கும். ஆகவே இந்த மடலில் குற்றவாளிக் கூண்டில் உங்களோடு நானும் ஏறிக்கொள்கிறேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் வாதாபிப் படையெடுப்பை நடத்திக்கொண்டிருந்தேன். குரலை ஏற்றி இறக்கி, கையை வீசி நடத்த வாகான பாடம் அது. 642-ஆம் ஆண்டு, நரசிம்மவர்மன், இரண்டாம் புலிகேசி, சாளுக்கியர் தலைநகர் விழுந்தது என்று முடித்தபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். “சார், அவங்க திரும்பி வரவே இல்லையா?” என்றான்.

வந்தார்கள். எனக்கும் தெரியும். “அது பரீட்சைக்கு வராது, உட்காரு” என்றேன். சொன்னது பொய்யில்லை. நாம் கேட்டால்தானே வரும்?

வந்ததற்குச் சாட்சி அந்தப் பள்ளியிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில்தான் நிற்கிறது. கைலாசநாதர் கோயில். இரண்டாம் நரசிம்மவர்மனான ராஜசிம்மன் கட்டியது. அதன் பழைய பெயர் ராஜசிம்மேசுவரம். அங்கே மண்டபத் தூண் ஒன்றில் பழங்கன்னடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வெட்டச் சொன்னவன் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன். வாதாபி விழுந்து ஏறக்குறைய 100 வருடம் கழித்துக் காஞ்சிக்குள் வந்தவன். காஞ்சியைப் பிடித்த பிறகு கோயிலின் செல்வத்தைப் பார்த்தான், அதைப் பறிக்காமல் சாமிக்கே திருப்பிக் கொடுத்தான் என்கிறது அந்தக் கல்வெட்டு.

அந்தப் பையன்களை ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். தமிழ்நாட்டுக் கோயில் தூணில் கன்னடமா என்பதே அவர்களுக்கு முதல் ஆச்சரியம். கேள்வி கேட்டவன் உருண்டை உருண்டையான அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துத் தடவப் போனான். “டேய், கையை எடு, கடைசி வரியில உனக்கு சாபம் இருக்கு” என்றேன். நிஜமாகவே இருக்கிறது. இந்த எழுத்துகளை அழிப்பவன், இந்த ஊர்க் கடிகையைச் சேர்ந்தவர்களைக் கொன்றவன் போகிற உலகத்துக்குப் போவான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடிகை என்றால் அந்தக் காலத்துக் காலேஜ் மாதிரி. கதம்ப அரசை ஏற்படுத்திய மயூரசர்மன் படிக்க வந்த இடம். படையோடு வந்தவன், சாபத்துக்கு ஒரு பெரிய பாவத்தைத் தேடும்போது, தோற்றுப்போன ஊரின் பள்ளிக்கூடத்து ஆட்களைக் கொல்வதைத்தான் யோசித்திருக்கிறான். பையன் கையை எடுத்துவிட்டான். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

சரி, விக்கிரமாதித்தனுக்குப் பரிவட்டம் கட்டுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் மகன் இரண்டாம் கீர்த்திவர்மனின் 757-ஆம் ஆண்டு வக்கலேரிச் செப்பேடு அதே படையெடுப்பைச் சொல்லும்போது, தங்கத்தைக் கோயில்களுக்குத் திருப்பித் தந்த பெருமையோடு, எடுத்துக்கொண்டு போனவற்றையும் வரிசையாகச் சொல்கிறது: யானைகள், மாணிக்கங்கள், கட்வாங்கக் கொடி (மண்டையோட்டுத் தடி பொறித்த கொடி), ‘கடுமுகம்’, ‘சமுத்திரகோஷம்’ என்ற அரச வாத்தியங்கள். சாமியின் தங்கத்தைச் சாமியிடம் கொடுத்துவிட்டு, ராஜாவின் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தங்கம் போனால் வரி போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். எதிரியின் கொடியும் வாத்தியமும் இன்னொரு அரண்மனை வாசலில் இருந்தால் அது எப்படி இருக்கும் என்று பையன்களிடம் கேட்டேன். “கப்பை எதிர் டீம் தூக்கிட்டுப் போன மாதிரி சார்” என்றான் ஒருவன். இதைவிட நல்ல விடைக்குறிப்பு என்னிடம் இல்லை.

காஞ்சியை மூன்று தடவை வென்றவன் என்று விக்கிரமாதித்தன் பெயரைச் சொல்லி, அவன் ராணி லோகமகாதேவி கர்நாடகத்துப் பட்டடக்கல்லில் ஒரு கோயில் எடுத்தாள். இன்றைக்கு அது விருபாட்சர் கோயில். கைலாசநாதரைப் பார்த்த கண்ணோடு அங்கே போனால், எங்கேயோ பார்த்த ஜாடை என்று தோன்றும். அந்தப் பக்கம் பாதாமியில், அதாவது பழைய வாதாபியில், பாறை ஒன்றில் நரசிம்மவர்மனின் வெற்றியைச் சொல்லும் சிதைந்த கல்வெட்டு இருக்கிறது. நம் ஊர்த் தூணில் அவர்கள் எழுத்து, அவர்கள் ஊர்ப் பாறையில் நம் எழுத்து. இரண்டு ஊர்க்காரர்களும் உளியை எடுத்து மற்றதைச் சுத்தமாகச் செதுக்கித் தள்ளிவிடவில்லை.

இந்தச் சண்டையின் முதல் சுற்றைப் பாருங்கள். கர்நாடகத்து ஐகொளெயில் மேகுடிக் கோயில் சுவரில், சக ஆண்டு 556-இல், அதாவது 634-35-இல், புலிகேசியின் ஆதரவு பெற்ற புலவர் ரவிகீர்த்தி எழுதிய கல்வெட்டு இருக்கிறது. புலிகேசியின் படை கிளப்பிய புழுதி காஞ்சியை மூட, பல்லவர் தலைவன் மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்கிறது. (அதே கல்வெட்டில் ரவிகீர்த்தி தன் புகழைக் காளிதாசன், பாரவி புகழுக்குச் சமம் என்றும் சொல்லிக்கொள்கிறார். சாட்சியின் சுபாவத்தையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.) பல்லவர் பக்கத்தில், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுதிய காசக்குடிச் செப்பேடு, நரசிம்மவர்மனின் அப்பா மகேந்திரவர்மன் காஞ்சிக்குப் பக்கத்துப் புள்ளலூரில் எதிரிகளை அழித்தான் என்கிறது. எந்த எதிரி? பெயர் இல்லை. ஐகொளெயிலும் ‘பல்லவர் தலைவன்’ என்பதோடு சரி, மகேந்திரன் பெயர் இல்லை. பெயரைச் சொன்னால் வாய் வலிக்குமாம் இருவருக்கும். புள்ளலூரில் இவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள் என்பது நாம் பொருத்திப் பார்த்துச் சொல்வது. வகுப்பில் நான் அதை நேரில் பார்த்தவன் மாதிரி நடத்தியிருக்கிறேன். அந்தப் புள்ளலூர் பாவம், 1780-இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த சண்டையையும் அதுதான் தாங்கியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கூரம் செப்பேடு. கூரம் காஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம். நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த பட்டயம் அது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியைத் தோற்கடித்து, அவன் முதுகையே பட்டயமாக்கி ‘விஜயம்’ என்ற எழுத்துகளை நரசிம்மவர்மன் எழுதினான் என்று வருவது இதில்தான். மணிமங்கலம் இன்றைக்குத் தாம்பரத்திலிருந்து பஸ் ஏறிப் போகிற ஊர். அப்படியானால் வாதாபிக்குப் போவதற்கு முன்னால், புலிகேசியின் படை காஞ்சியைத் தாண்டி நம் வீட்டு வாசல்வரை வந்து நின்றிருக்கிறது. ‘கொண்டான்’ கேள்வி இதைச் சொல்வதே இல்லை.

இத்தனை வீரமும் அந்தப் பட்டயத்தின் முன்னுரை மட்டும்தான். விஷயம் அப்புறம்தான் வருகிறது. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாயை வெட்டி, கூரத்துப் பரமேசுவர தடாகம் என்ற ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது, அங்கே உள்ள கோயிலின் பூசைக்கும், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் பங்கு ஒதுக்குவது. கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பட்டங்களை எல்லாம் முதலில் போட்டுவிட்டு, முகூர்த்த நேரத்தைக் கீழே போடுவது போல. நாம் 50 வருடமாகத் தாத்தா பட்டத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறோம்.

இதே காலத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் நட்டார்கள். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவகத்தி என்பவனின் கல். பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதை எழுதியிருக்கிறார்கள். காசக்குடி எதிரியின் பெயரைச் சொல்லவில்லை. எடுத்தனூர் நாயின் பெயரைச் சொல்கிறது. ரெண்டு மதிப்பெண்ணுக்காவது கோவிவனைக் கேளுங்களேன்.

இப்போது என் கோரிக்கை. ஒரு மதிப்பெண் கேள்வியை ஒழியுங்கள் என்று சொல்லவில்லை, அது ஒழியாது. ஒவ்வொரு வினாத்தாளிலும் ஐந்து மதிப்பெண்ணுக்கு இரண்டு சாட்சிகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒரு கேள்வி கேளுங்கள். மாதிரிக்கு நானே ஒன்று தயாரித்திருக்கிறேன்:

“சாளுக்கிய முதலாம் விக்கிரமாதித்தன் 674-இல் காவிரியின் தென்கரையில், உறையூரில் பாளையம் இறங்கியிருந்தபோது கொடுத்த கத்வால் செப்பேடு, அவன் காஞ்சியைப் பிடித்து மகாமல்லனின் (முதலாம் நரசிம்மவர்மனின்) குலத்தையே அழித்ததாகச் சொல்கிறது. பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பல லட்சம் படையோடு வந்த அதே விக்கிரமாதித்தன் ஒரு கந்தலை மட்டும் போர்த்திக்கொண்டு ஓடினதாகச் சொல்கிறது. (i) மகாமல்லனின் பேரனான பரமேசுவரவர்மன் பட்டயம் கொடுத்திருப்பது முதல் கூற்றைப் பற்றி என்ன காட்டுகிறது? (ii) காவிரிக் கரையில் பாளையம் இறங்கியிருந்தது இரண்டாம் கூற்றைப் பற்றி என்ன கேட்க வைக்கிறது? (iii) இரண்டும் உண்மையாக இருக்க வழி உண்டா?”

விடைக்குறிப்பில் ‘தகுந்த காரணம் எழுதியிருந்தால் முழு மதிப்பெண்’ என்று போட்டுவிடுங்கள். திருத்துகிறவர்கள் உங்களைத் திட்டுவார்கள். ஒரு நாளைக்கு 40 தாள் திருத்திய காலத்தில் நானும் திட்டியிருப்பேன்.

இப்படிக்கு,
காஞ்சிபுரத்திலிருந்து ஓர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன்