கடலூர் – புதுச்சேரி தனியார் பேருந்து ஓட்டுநர், நடத்துநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

பாட்டே போடாத பஸ்ஸில் புதுச்சேரி வரை உட்கார்ந்து வர எனக்கும் பிடிக்காது. ஆகவே பயப்பட வேண்டாம், பாட்டை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. சத்தத்தைக் குறையுங்கள் என்கிறேன், அதுவும் உங்களுக்காக. நாங்கள் ஏறி இறங்கிப் போய்விடுகிறோம். நீங்கள் முதல் டிரிப்பிலிருந்து ராத்திரி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்வரை அந்த ஸ்பீக்கருக்கு அடியிலேயே இருக்கிறீர்கள்.

உள்காதில் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. பெருஞ்சத்தத்தில் செத்தவை மறுபடி முளைக்காது. சத்தத்தின் அளவு 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம்தான் தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்கான கணக்கு. 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 100க்கு வெறும் கால் மணி. இதை அளக்கக் கருவியெல்லாம் வேண்டாம். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் "எங்க போகணும்?" என்று நடத்துநர் கத்திக் கேட்க வேண்டியிருந்தால் 85ஐத் தாண்டியாயிற்று.

சத்தம் ஓயாமல் இருந்தால் உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளும். அட்ரினலின், கார்டிசால் என்னும் பதற்ற ஹார்மோன்கள் சுரக்கும், ரத்தக்குழாய் இறுகும், பிரஷர் ஏறும். 'பழகிப்போச்சுங்க' என்பீர்கள். தூங்குகிறவருக்கே சத்தம் கேட்டால் இதயத் துடிப்பு கூடுகிறது. (பிரஷருக்கு டைமிங் தகராறு ஒன்றே போதாதா?)

2006இல் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. இசை கேட்பவர்களின் மூச்சையும் நாடியையும் அளந்து பார்த்தார்கள். வேகமான தாளத்துக்கு இரண்டும் ஏறின. நடுவே 2 நிமிடம் இசையை நிறுத்தியபோது நாடியும் பிரஷரும் இசை தொடங்குமுன் இருந்ததைவிடவே இறங்கின. ஆகவே குத்துப்பாட்டுக்கு நடுவே ஒரு மெலடியும், அரியாங்குப்பம் டிராபிக்கில் நிற்கும்போது கொஞ்சம் இடைவெளியும் விட்டுப் பாருங்கள்.

ஏர் ஹாரனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாறி மாறிப் பல சுரத்தில் அலறும் ஹாரனுக்கு மோட்டார் வாகன விதியே இடம் தரவில்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அப்படி அறிவித்த இடத்தில் எந்த ஹாரனும் கூடாது.

ஓனரிடம் இரண்டு கேளுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேலிருக்கும் ஸ்பீக்கரைக் கழற்றிப் பின்னால் மாட்டட்டும். வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் காதைச் சோதிக்க அவரே செலவு செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியில் அடிக்கடி வரும் ஒரு பயணி