அக்கா மகனின் தாய்லாந்துப் பயணம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்பதில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

உன் அக்கா மகன் டேட்டா என்ட்ரி வேலைக்குத் தாய்லாந்து போகிறான் என்று எழுதியிருந்தாயே, படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஏஜென்ட் கொடுத்த தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாதம் எழுபதாயிரம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். ஆனால் கம்பெனிக்கு முகவரி இல்லை. வேலை விசாவும் வேண்டாமாம், டூரிஸ்ட்டாக இறங்கினால் பாங்காக்கில் கார் காத்திருக்குமாம்.

அப்படி ஏறிய எத்தனையோ பையன்களை அந்தக் கார் மே சோட் என்ற எல்லை ஊரில்தான் கொண்டுபோய் இறக்கியிருக்கிறது. அங்கே ஓடுவது மோய் ஆறு, அக்கரை மியான்மரின் மியாவாடி. கரையேறியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, முள்வேலிக்குள் அடைத்து, ஃபோனில் காதல் பேசி ஊர் உலகத்தை ஏமாற்றச் சொல்வார்கள். மறுத்தால் அடி, கரண்ட் ஷாக்.

நாம் எல்லாவற்றையும் ‘ஆள்கடத்தல்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஐ.நா. 2000-இல் இதற்கு இரண்டு தனி ஒப்பந்தங்கள் போட்டது. காசு வாங்கிக்கொண்டு திருட்டுத்தனமாக எல்லை தாண்ட விடுவது ஒன்று. ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோய்ச் சுரண்டுவது இன்னொன்று. இந்தப் பையன்களுக்கு ஆற்றைக் கடப்பதற்குள் முதலாவது இரண்டாவதாகிவிடுகிறது. தப்பி இக்கரைக்கு வந்தாலும், அனுமதியில்லாமல் எல்லை தாண்டியவன் என்றே வழக்கு வரலாம். தான் ஏமாற்றப்பட்டவன் என்று புரியவைப்பது அவன் பாடு.

அக்கரையில் ஆட்சி ஆயுதக் குழுக்களின் கையில். பையன்களை அடைத்துவைக்கும் அந்த மோசடி முகாம்களை நடத்துவது பெரும்பாலும் சீனக் கும்பல்கள். ஒரு நாட்டுப் போலீஸ் தனியாக என்ன செய்யும்? 2022-இலேயே தமிழ்நாட்டுப் பையன்கள் 13 பேர் அங்கிருந்து மீண்டு சென்னை வந்தார்கள். ஆனால் 2025 பிப்ரவரியில்தான் தாய்லாந்து அந்தப் பக்கத்துக்குப் போன மின்சாரம், எரிபொருள், இணையம் மூன்றையும் நிறுத்தியது, சீனாவும் நெருக்கியது. அப்புறம் ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். மார்ச் 10, 11 தேதிகளில் நம் விமானப்படை 549 பேரை மே சோட்டிலிருந்து அழைத்து வந்தது. அத்தனை நாளும் அந்த நரகத்துக்கு விளக்கெரிந்தது பக்கத்து நாட்டுக் கரண்டில்தானே என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, இப்போது நம் பையன். அந்த ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் கேட்கலாம். கொடுத்த முன்பணம் போனால் போகட்டும் என்று அக்காவிடம் சொல். அவனை ராத்திரி எத்தனை மணியானாலும் என்னிடம் பேசச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்