வார்டனம்மாவிடம் நீதான் பேச வேண்டும்

அன்புள்ள ஜாய்,

நீ அனுப்புகிற செய்திக்கெல்லாம் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறேன் என்று நீ கோபத்தில் இருப்பது தெரியும். நேற்று 'இருக்கியா, இல்லை பரலோகம் போயாச்சா' என்று வேறு கேட்டிருந்தாய். இருக்கிறேன். பிள்ளைகள் தூங்கின பிறகுதான் கை ஒழிகிறது, அதற்குள் நாசரேத்தில் நீ குறட்டை விட்டுக்கொண்டிருப்பாய். உன் மருமகள் மாசமாக இருப்பது கேட்டு ரொம்பச் சந்தோஷம், நான் கேட்டதாகச் சொல். அண்ணனுக்கு சுகர் குறைந்ததா? இவருக்கு வழக்கம்போல முட்டுவலி, வழக்கம்போல டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம்ம ஹாஸ்டல் வார்டனம்மாவின் பேரப்பிள்ளைகள் எங்களோடு இருப்பது உனக்குத் தெரியும். அவர்கள் மகளுக்கு முதுகுத்தண்டு ஆபரேஷன் என்று வேலூருக்குக் கூட்டி வந்தார்கள், மருமகன் கூடவே இருந்தாக வேண்டும், வார்டனம்மாவுக்கோ கண் சரியில்லை. ஒடிசா பணித்தளத்திலிருந்து ஓய்வாகி வந்து பெங்களூரில் சும்மாதானே இருக்கிறார்கள் என்று யாரோ எங்களைக் கைகாட்டிவிட்டிருக்கிறார்கள். யார் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் என்றார்கள், இப்போது அது நீண்டுகொண்டே போகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ இதைப் படித்துவிட்டு 'பாவம், அவளுக்கு முடியவில்லை' என்று ஜெபக்குறிப்பாக ஊரெல்லாம் சொல்லிவிடுவாய்.

பெரியவனுக்கு ஒன்பது வயது, குட்டிக்கு ஐந்து. இரண்டு பேரும் அப்பா அம்மா ஊழியம் செய்கிற டான்சானியாவில் டோடோமாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தங்களுக்குள் சுவாஹிலியில்தான் சண்டை, எங்களுக்குப் புரியக்கூடாத ரகசியமும் அதில்தான். எங்களோடு இங்கிலீஷும் கொஞ்சம் தமிழும். சாப்பாடுதான் முதலில் பெரிய பாடாக இருந்தது. பெரியவன் என் தோசையைப் பார்த்து, அம்மா சுடுகிறது இப்படி இருக்காது என்று நாசூக்காகச் சொல்லிவிட்டு எழுந்து போவான். ஒருநாள் இவருக்காகக் கேழ்வரகுக் களி கிண்டி, தண்டுக்கீரை கடைந்து வைத்திருந்தேன். அவன் வந்து எட்டிப் பார்த்தான், உட்கார்ந்தான், ஒன்றும் கேட்கவில்லை. களியில் ஒரு துண்டு பிய்த்து, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அழுத்தி, அந்தக் குழியிலேயே கீரையை அள்ளி வாயில் போட்டான். அங்கே உகாலி என்று மக்காச்சோள மாவில் வெள்ளையாகக் கிண்டுவார்களாம், கீரை கிட்டத்தட்ட இதே கீரையாம். 'இது கறுப்பு உகாலி, ஆனால் பரவாயில்லை' என்று எனக்கு மார்க் போட்டான். அதற்கப்புறம் வாரத்தில் பாதி நாள் களிதான். இவர் இப்போது அரிசிச் சோறு கேட்டு அழுகிறார்.

இன்னொரு கூத்து கேள். அவர்கள் அம்மா பிள்ளைகளோடு பாதி சுவாஹிலியில்தான் பேசுவாள். அம்மா மூன்று மணிக்கு வீடியோவில் வருவாள் என்று பெரியவன் சொன்னான், நானும் குட்டிக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, மூன்று மணிக்கு போன் முன்னால் உட்கார வைத்துவிட்டேன். நாலு ஆயிற்று, ஐந்து ஆயிற்று, குட்டி ஒரே அழுகை. ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வருகிறது. அவர்கள் மணிக்கணக்கு பகலுக்குச் சூரிய உதயத்திலிருந்தும் ராத்திரிக்கு அஸ்தமனத்திலிருந்தும் ஆரம்பிக்கிறதாம், காலை ஏழு மணி என்றால் அது ஒரு மணி, ராத்திரி ஒன்பது என்றால் மூன்று மணி. பெரியவன் அதை அப்படியே தமிழில் சொல்லிவிட்டான். இப்போது இந்த வீட்டில் யார் மணி சொன்னாலும் 'எந்த மணி' என்று கேட்டுக்கொள்கிறோம்.

சிரிப்பு இதோடு போதும். போன மாதம் கம்மனஹள்ளியில் காய்கறிக் கடைக்குக் குட்டியைக் கூட்டிப்போயிருந்தேன். இந்தப் பக்கம் ஆப்பிரிக்க மாணவர்கள் நிறைய, கடையில் ஒரு பெண் தலை நிறையப் பொடிப்பொடியாகப் பின்னல் போட்டுக்கொண்டு தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் கையை உதறிவிட்டுக் குட்டி அவள் முன்னால் போய் நின்று 'ஷிகமூ' என்றாள். பெரியவர்களைக் கண்டால் அங்கே பிள்ளைகள் இப்படித்தான் கும்பிடு போடுவார்கள், எங்கள் வீட்டிலும் தினமும் காலையில் இவருக்கு ஒரு ஷிகமூ கிடைக்கும். அந்தப் பெண் தக்காளியும் கையுமாக அப்படியே திரும்பி, பதில் வணக்கமாக 'மரஹபா' என்றாளே, அதைக் கேட்டதும் குட்டி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் ஜாய்! விக்டோரியா ஏரிக்கரையில் முவான்சா என்ற ஊராம் அவளுக்கு, இங்கே நர்சிங் படிக்கிறாள். கடை வாசலில் குந்தி உட்கார்ந்து குட்டியோடு பேசினாள். எங்களிடம் வந்ததிலிருந்து குட்டி பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தாலும் அன்றைக்குக் கடை வாசலில் பேசியதற்கு ஈடாகாது. கிளம்பும்போது அந்தப் பெண்ணின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, நான்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன்.

ராத்திரி படுக்கும்போது, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கேட்டாள். அம்மாவுக்குச் சுகமானதும் பாட்டி வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

'அது பாட்டி வீடு. நம்ம வீடு?'

பார்த்துக்கொள். எல்லோரும் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம்? பிள்ளைகள் வெளிநாட்டில் கஷ்டப்பட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்திருக்கின்றன என்று. அதுகளுக்கு இதுதானே வெளிநாடு! ஆட்டோ சத்தமும், மாடிக்கு மாடி நாய் குரைப்பதும், கோயிலில் முன்பின் தெரியாத ஆள்கள் கன்னத்தைக் கிள்ளி 'தமிழ் பேசு பார்ப்போம்' என்பதும். பெரியவன் அழ மாட்டான், ஆனால் அங்கே ஜனவரியில் வகுப்பு ஆரம்பித்துவிட்டது, நண்பர்கள் எல்லாம் நாலாம் வகுப்புக்குப் போயிருப்பார்கள், தன் இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்கிறான்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். இந்தப் பிள்ளைகளை ஜூனில் ஊர்ப்பக்கம் போர்டிங்கில் சேர்த்துவிட்டு, அப்பா அம்மா மட்டும் டோடோமாவுக்குத் திரும்புவது என்று பேச்சு நடக்கிறது. யார் யோசனை என்று கேட்கவே வேண்டாம். ஹாஸ்டல்தான் பிள்ளைகளை மனிதராக்கும் என்று நம்மை ராத்திரி எட்டு மணிக்கு விளக்கணைக்க வைத்த அதே அம்மாதான்! மகளோ படுத்த படுக்கையில் எதற்கும் தலையாட்டுகிறாள், மருமகன் வாய் திறப்பதில்லை. 'பிள்ளைகள் உங்களோடு எவ்வளவு நன்றாகப் பழகிவிட்டார்கள், இனி எங்கும் பழகிவிடுவார்கள்' என்று வார்டனம்மா என்னிடமே போனில் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு, கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

இவர் வேறு அந்தக் கட்சி. மிஷனரிப் பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்கிறார். அந்த வேலூர் ஆஸ்பத்திரியையே எடுத்துக்கொள், 1900இல் ஒரு கட்டிலோடு அதை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மாவைச் சின்ன வயதில் அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத்தானே அப்பா முதலிலும் அம்மா பிறகும் இந்தியாவுக்குத் திரும்பினார்கள், கெட்டா போனார்கள் என்று கேட்கிறார். கெட்டுப்போகவில்லை, ஆனால் மிஷனரியாக மட்டும் ஆகவே மாட்டேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தவர் அதே ஐடா அம்மாதான் என்றேன். ஒரு ஐடா திரும்பி வந்தார், வராத பிள்ளைகளின் கதையை யார் எழுதினார்கள்? உடனே எரிக் லிடலைக் கொண்டுவந்தார். சீனாவில் பிறந்து, லண்டனில் மிஷனரிகளின் மகன்களுக்கான போர்டிங்கில் வளர்ந்து, 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கம் வாங்கி, மறுபடி சீனாவுக்கே மிஷனரியாகப் போனவர் என்று ஒரு பிரசங்கம். முழுக் கதையையும் சொல்லுங்கள் என்றேன். ஜப்பான்காரர்களின் முகாமில் அடைபட்டபோது, அப்பா அம்மாவைப் பிரிந்து கிடந்த மற்ற மிஷனரிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, விளையாட வைத்து, அத்தனை பேருக்கும் மாமாவாக இருந்தவர் அவர். 1941இல் கனடாவுக்கு அனுப்பி வைத்த சொந்த மனைவி மக்களை அதற்கப்புறம் பார்க்கவில்லை. மூன்றாவது மகள் அங்கே போய்ப் பிறந்தவள், அவள் முகத்தைப் பார்க்காமலேயே 1945 பிப்ரவரியில் அந்த முகாமில் செத்துப்போனார். இதைச் சொன்னதும் இவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

நீ உடனே கேட்பாய், உன் பையன்களை நீ அனுப்பவில்லையா என்று. அனுப்பினேன். நாங்கள் இருந்த மலையில் நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடமே கிடையாது, டோனாவூரில் சந்தோஷ வித்யாலயாவில் நம்மைப் போல வடக்கே இருந்த ஊழியக்காரர்களின் பிள்ளைகளோடு படித்தார்கள், நன்றாகத்தான் வந்தார்கள். அதே நிலைமை என்றால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். டோடோமா டான்சானியாவின் தலைநகரம் ஜாய், காட்டுக்குள் இல்லை. அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, இந்தப் பிள்ளைகள் அதில் இத்தனை நாள் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்? தமிழ் வராதாம். பெரியவன் என்னிடம் எழுத்துக்கூட்டி பைபிளில் இருபத்துமூன்றாம் சங்கீதம் பாதி வரை வந்துவிட்டான், மீதியை வீடியோவில் நான் சொல்லித்தருகிறேன். சரி, இங்கேயே நம்மோடு இருக்கட்டும் என்று இவர் ஒரு சமாதானம் சொன்னார். இங்கே பள்ளியில் சேர்த்தால் கன்னடமும் படித்தாக வேண்டும், அவன் தலையில் இன்னொரு மொழி. அது போகட்டும், நமக்கு வயதென்ன?

போன ஞாயிறு என் மூத்தவன் வந்திருந்தான். நான் குட்டிக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஹாஸ்டலில் சனிக்கிழமை எங்களுக்கு எண்ணெய் வைத்த அக்காவை உனக்குத் தெரியுமா அம்மா என்றான். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அந்த அக்கா தலையைத் தட்டித் தட்டித் தேய்ப்பாராம், கையில் மஞ்சள் வாசனை அடிக்குமாம். நான் பார்த்ததே இல்லை. வள்ளியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்களாம், உனக்கு அங்கே ஆள் இருக்கிறதே, விசாரித்துச் சொல். ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று மறந்துவிட்டேன். குட்டி மாடிப்படியில் விழுந்து தாடை கிழிந்து, தையல் போடப் போனால், நீங்கள் யார், அம்மா கையெழுத்து வேண்டும் என்று அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். 'பெரியம்மா' என்றேன், எந்த வழியில் என்று கேட்டார்கள். வேலூருக்குப் போன் போட்டு அப்பனைப் பேச வைத்த பிறகுதான் ஊசி. அடுத்த நாளே பெற்றோர் இருவர் கையெழுத்தோடு நோட்டரி கடிதம், பாஸ்போர்ட் நகல், தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரு கவரில் போட்டுக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். உன் பேரனை விட்டுவிட்டு மகள் துபாய் போகும்போது நீயும் இப்படி ஒன்று வாங்கி வைத்துக்கொள்.

சரி, நீ செய்ய வேண்டியது. மெஞ்ஞானபுரம் போ. வார்டனம்மா நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், நான் சுவர் ஏறிக் குதித்தவள். நீதான் செல்லப்பிள்ளை, யார் யார் குதித்தோம் என்று எழுதிக் கொடுத்தவள். போகிற வழியில் முதலூர் மஸ்கோத் அல்வா ஒரு கிலோ வாங்கிக்கொள். என் பெயரை இழுக்காதே. பிள்ளைகளைப் பற்றி முதலில் பேசாதே, மகளைப் பற்றிக் கேள், முதுகு வலியோடு அவ்வளவு தூரத்தில் பிள்ளைகளும் பக்கத்தில் இல்லாமல் எப்படித் தனியாக இருப்பாள் என்று கேள். அது வேலை செய்யும், அவர்கள் கல் ஒன்றும் இல்லை, எனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. மே மாதத்துக்குள் பேசிவிடு, அதற்கப்புறம் அட்மிஷன் போட்டுவிடுவார்கள்.

பேசியதும் அவர்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுது, நீயாகச் சேர்க்காதே. இவரிடம் நான் உனக்கு எழுதியதைச் சொல்லவில்லை, நீயும் அண்ணனிடம் மூச்சு விடாதே, இரண்டு பேரும் போனில் பேசினால் காரியம் கெட்டுவிடும்.

அன்புடன்,
மெர்சி