ரேடியோ வாங்குவதற்கு முன்

அன்புள்ள கதிரேசா,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குத் திட்டுவாய், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். உன் புதிய பொம்மை டாங்கியைத் தூரத்திலிருந்து இயக்கப் பத்துச் சேனல் ரேடியோ வாங்கப்போகிறாய் என்று மூர்த்தி சொன்னதும் பதறி எழுதுகிறேன். எதிலும் எண்ணிக்கை கூடுதலாக இருக்க வேண்டும் என்ற உன் வியாதி இன்னும் போகவில்லை.

பழைய 27 மெகாஹெர்ட்ஸ் பெட்டியை நீ கைவிடுவது நியாயம்தான். அதில் அலைவரிசைக்கு ஒன்றாகப் பழுப்பு முதல் நீலம் வரை ஆறே கிரிஸ்டல் நிறங்கள் என்பதால், ஏழாவது டாங்கி களத்தில் இறங்கினால் யாராவது ஒருவர் அணைத்தே ஆக வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் டாங்கிக்குள் இருக்கும் ஒவ்வொரு ரிசீவரும் தன்னோடு இணைத்த டிரான்ஸ்மிட்டருக்கு, அதாவது கையில் பிடிக்கும் பெட்டிக்கு, மட்டுமே கட்டுப்படும். அந்தச் சண்டை ஒழிந்தது.

ஆனால் பத்துச் சேனலை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்? ஓட்டத்துக்கு இரண்டு, டரட் என்னும் மேல்கூண்டைச் சுழற்ற ஒன்று, குழலை ஏற்றி இறக்க ஒன்று. டாமியா நிறுவனத்தின் 1/16 அளவு டாங்கிகள் சுடுவதைக்கூட இந்த நான்கிலேயே முடித்துக்கொள்கின்றன. சுவிட்சுகள் மீது ஆசையிருந்தால் ஆறு வாங்கு. அதைவிட ஸ்டிக்கைத் தொட்டுப் பார்: விமானத்துக்கான ரேடியோவில் த்ராட்டில் ஸ்டிக் விட்ட இடத்திலேயே நிற்கும், டாங்கிக்கோ கையை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பும் ஸ்பிரிங் வேண்டும். ஸ்டிக்கின் அசைவை இடவலச் சக்கரப் பட்டைகளுக்குக் கலந்து பிரிக்கும் மிக்சிங்கை டாங்கியின் சர்க்யூட் போர்டே செய்கிறது என்றால் டிரான்ஸ்மிட்டரிலும் அதைப் போட்டுவிடாதே.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது பெயில்சேப், அதாவது சிக்னல் அறுந்தால் வண்டியை நிறுத்தும் ஏற்பாடு. சிக்னல் அறுந்தால் சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். சென்ற போட்டியில் விருந்தாளி ஒருவருடைய டைகர் டாங்கியின் டிரான்ஸ்மிட்டரில் மின்கலம் தீர்ந்தது. உலோகப் பட்டை பூட்டிய அந்தக் கனத்த வண்டி முழு வேகத்தில் எல்லைப் பலகையை இடித்துத் தள்ளிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள் பக்கம் போனது. மூர்த்தி பாய்ந்து அதைத் தூக்கிய பிறகும் பட்டைகள் அவன் கையில் சுழன்றுகொண்டேயிருந்தன. இதில் எனக்கு விளையாட்டே கிடையாது. ஸ்டிக்குகளை நடுவில் வைத்து பெயில்சேப்பைப் பதிவு செய். பிறகு பட்டைகள் தரையைத் தொடாதபடி டாங்கியை ஒரு பெட்டிமேல் வைத்து, பாதி வேகத்தில் ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார். பட்டைகள் நின்றால் மட்டுமே அந்த ரிசீவர் களத்துக்கு வரலாம்.

ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில் உறை நீங்கிய மூன்று சென்டிமீட்டர்தான் வேலை செய்யும் பகுதி. அதை உலோக உடலுக்குள் சுருட்டி வைக்காமல், மோட்டார் கம்பிகளிலிருந்து விலக்கி மேலே கொண்டுவா. போட்டியில் குண்டு பட்டதா என்பது அகச்சிவப்பு ஒளியின் கணக்கு, ரேடியோவின் கணக்கல்ல. கடும் வெயிலில் அது தடுமாறினால் பாவம், ரேடியோவைத் திட்டாதே (நீ திட்டுவாய்).

மிச்சமாகும் பணத்தில் உபரியாக ஒரு ரிசீவர் வாங்கிவிடு; உன் இரண்டாவது டாங்கியையும் அதே ரேடியோவில் தனி மாடலாகப் பதிந்துகொள்ளலாம். எந்த ரேடியோ என்று முடிவானதும், பணம் கட்டுவதற்கு முன், அதன் பெயில்சேப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சண்முகம்