ஒரே ஒரு பட்டன் அழுத்துனா போதுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார இணைப்புல ஆன்லைன் விளையாட்டு பத்தி மூணு பக்கம் கட்டுரை போட்டிருந்தீங்க. பொறுமையா படிச்சிட்டே வந்தேன். ரெண்டாவது பக்கத்துல 'தகாத முறையில் பேசுபவர்கள் மீது ஒரே ஒரு பட்டனை அழுத்திப் புகார் செய்துவிடலாம்'னு ஒரு வரி. டீ கிளாஸை கீழ வச்சிட்டேன். எழுதுனவங்க அந்த பட்டனை ஒரு தடவையாவது அழுத்திப் பாத்திருப்பாங்களா சார்?

நான் அழுத்தியிருக்கேன். வயசு 34, கரூர்ல ஒரு டெக்ஸ்டைல் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். நைட்டு பையனை தூங்க வச்சிட்டு ஒரு மணி நேரம் விளையாடுவேன், எங்க அக்கா பையன், அவன் ஃப்ரெண்டு, நான்னு மூணு பேர், நாலாவது ஆளு ரேண்டமா யாராச்சும் வந்து சேருவாங்க. (கேம் பேரை எழுதல, எழுதுனா எப்படியும் வெட்டிடுவீங்க.) ஒரு நாள் அப்படி வந்தவன் மைக்ல என் குரலை கேட்டதும் 'என்னக்கா, சோறு ஆக்கலையா'ன்னு ஆரம்பிச்சான். சிரிச்சு விட்டுட்டேன். கேம்ல நான் அடிபட்டு கெடக்கும்போது பக்கத்துலயே நின்னு தூக்கி விடாம வேடிக்கை பாத்தான். அப்புறம் எங்கம்மாவை இழுத்தான். சுத்தமான தமிழ்ல, இங்க எழுத முடியாது. அக்கா பையன் அந்தப் பக்கம் கேட்டுட்டு இருக்கான், அதான் எனக்கு பெரிய அசிங்கமா போச்சு.

மேட்ச் முடிஞ்சதும் உங்க பட்டனைத்தான் அழுத்தினேன். சீட்டிங்கா, கெட்ட பேச்சா, டீமுக்கு எதிரா ஆடுனானான்னு கேக்கும், ஒண்ணை டிக் பண்ணணும், அவ்வளவுதான். அவன் என்ன பேசினான், எந்த மொழியில பேசினான்னு சொல்ல இடமே இல்ல. ரெக்கார்ட் பண்ணி வச்ச வீடியோவை சேக்க வழி இல்ல. கை தவறி வெளிய வந்துட்டா அந்த ஸ்கிரீனும் போச்சு. 'உங்கள் புகாருக்கு நன்றி'ன்னு இங்கிலீஷ்ல ஒரு மெசேஜ் வரும். இதுவரைக்கும் 11 பேரை ரிப்போர்ட் பண்ணி 11 நன்றி வாங்கியிருக்கேன், ஒருத்தன் மேலயாவது ஏதாச்சும் செஞ்சாங்களான்னு இன்னிவரைக்கும் தெரியாது.

ஆனா என்மேல மட்டும் டக்குன்னு செஞ்சாங்க. அக்கா பையனை வீட்ல குட்டின்னுதான் கூப்பிடுவோம். சாட்ல இங்கிலீஷ் எழுத்துல 'குட்டி இங்க வா'ன்னு ரெண்டு மூணு தடவை டைப் பண்ணேன், 7 நாள் சாட்ல எழுதவே தடை! ஏன்னு புரியாம மண்டைய பிச்சிக்கிட்டேன். ஆபீஸ்ல இந்தி தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு சொல்லித்தான் தெரிஞ்சது, அந்த ஸ்பெல்லிங்ல எழுதுனா இந்தியில பொம்பளை நாயாம், திட்டுற வார்த்தையாம். வேற காரணம் எனக்கு தோணல, அவங்களும் சொல்லல. அப்பீல் போட்டேன், ரெண்டே நிமிஷத்துல 'பரிசீலித்தோம், முடிவில் மாற்றம் இல்லை'ன்னு வந்துச்சு. மனுஷன் படிச்சிருந்தா கண்ணாடி எடுத்து மாட்டவே ரெண்டு நிமிஷம் ஆகும். எங்கம்மாவை தமிழ்ல திட்டினவன் நல்லவன், புள்ளைய குட்டின்னு கூப்பிட்ட நான் கெட்டவ.

இதெல்லாம் சரிபண்ண முடியாத விஷயம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்ங்கற கேம்ல 2011லயே ட்ரிப்யூனல்னு ஒண்ணு வச்சு, ரிப்போர்ட் ஆன கேஸ்ல நடந்த சாட்டை விளையாடுறவங்களே படிச்சு தீர்ப்பு சொல்ற மாதிரி வச்சிருந்தாங்க, 2014ல தூக்கிட்டாங்க, அது வேற கதை. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்ல 2013லேர்ந்து அனுபவசாலி ஆட்டக்காரங்ககிட்ட புகார் வந்த ஆளோட ஆட்டத்தை ரீப்ளேவா பேரை மறைச்சு காட்டி முடிவு கேட்டாங்க. தமிழ்ல திட்டுறதை கண்டுபிடிக்க தமிழ் ஆட்டக்காரன்கிட்ட கேட்டா சொல்ல மாட்டானா? கால் ஆஃப் டியூட்டில 2023 ஆகஸ்ட்ல மைக்ல பேசுறதையே கேக்குற ஏஐ கொண்டு வந்தாங்க, முதல்ல இங்கிலீஷ்தான், நவம்பர்ல உலகம் பூரா விரிச்சாங்க, ஆசியா மட்டும் கிடையாது. அதை படிச்சப்போ சிரிப்புதான் வந்துச்சு, நம்மூர் கெட்ட வார்த்தை உலகத்துல சேத்தியே இல்ல போல.

நீங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. 2020 செப்டம்பர்ல பப்ஜியோட சேத்து 118 ஆப்பை கவர்மென்ட் தடை பண்ணப்போ, இளைய சமுதாயம் பொழைச்சதுன்னு தலையங்கம் எழுதுனது நீங்கதான். காசு கட்டுற சீட்டாட்டம் வேற, நாங்க விளையாடுறது வேறன்னு அப்பவே ஒரு லெட்டர் போட்டேன், வரல. இந்த கட்டுரைக்கும் அதே ரம்மி சீட்டு படம்! அதே டாக்டர், அதே 'செல்போனை வாங்கி வையுங்கள்'. என் செல்போனை யார் சார் வாங்கி வைக்கிறது, மாமியாரா? விளையாடுறவங்க எல்லாம் எட்டாங்கிளாஸ் பையன்னு உங்களுக்கு ஒரு நெனப்பு. 17 வருஷமா காசு குடுத்து உங்க பத்திரிகை வாங்குறவளும் விளையாடுவான்னு தோணவே இல்ல பாருங்க.

உங்களுக்கு தெரியாத சட்டம் இல்ல. 2021ல வந்த ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகள்ல இந்த மாதிரி ஒவ்வொரு ஆன்லைன் கம்பெனியும் குறைதீர்க்கும் அதிகாரியை போடணும், அவர் பேரையும் தொடர்பு விவரத்தையும் வெளிய தெரியுற மாதிரி போடணும், புகார் வந்தா 24 மணி நேரத்துல வந்துச்சுன்னு சொல்லணும், 15 நாளுக்குள்ள முடிக்கணும்னு இருந்துச்சு. அங்க கேக்கலைன்னா 30 நாளுக்குள்ள மேல போறதுக்கு 2023ல அப்பீல் கமிட்டியும் கவர்மென்ட் அமைச்சிடுச்சு. நான் இதை ஒரு யூடியூப் பையன் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மூணு பக்கத்துல இதுக்கு நாலு வரி இடம் இல்லாம போச்சா?

பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த இதழ்ல அந்த 'ஒரே ஒரு பட்டன்' வரிக்கு ஒரு திருத்தம், பக்கத்துல ஒரு சின்ன கட்டம் கட்டி அந்த அதிகாரிக்கு எப்படி எழுதணும், அப்பீல் எங்க போடணும், நாள் கணக்கு இப்போ என்னன்னு தமிழ்ல போடுங்க. போதும்.

இப்படிக்கு,
நாலு மாசமா மைக்கை ஆஃப் பண்ணிட்டு விளையாடுற வாசகி,
கரூர்.

பி.கு.: இடம் பத்தலைன்னு சுருக்குறதா இருந்தா டீ கிளாஸை வெட்டிக்கோங்க. ரம்மி படத்தை பத்தி எழுதுனதுல கை வைக்காதீங்க.